தங்கள் வருகையன்று என் முகத்தில் இருந்த காயங்கள் பற்றி

நகரி,
திங்கட்கிழமை, காலை.

சூளூர்பேட்டை பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை நடத்திவரும் பெருமதிப்பிற்குரிய கோபிகிருஷ்ணன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ரங்கையா நகரியிலிருந்து இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. ஏழுமலையான் புண்ணியத்தில் தாங்களும், தங்கள் துணைவியார் கிருஷ்ணம்மா அவர்களும், மாப்பிள்ளையும் (மன்னிக்கவும், தங்கள் மகன் ஹேமநாத்தும்) சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் என் மனைவி ஸ்வர்ணலதாவும் மகள் ரோஹிணியும் சுகம். என் முகமும் பெரும்பாலும் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சம்பந்தி என்று எழுதத்தான் பேனா போகிறது. அடக்கி வைத்திருக்கிறேன். தாங்கள் பெண் பார்த்துவிட்டுப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "ஊருக்குப் போய்ட்டு போன் பண்றோம் சார்" என்று சொன்னீர்கள். அந்தப் போன் இன்னும் வரவில்லை. நானே இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் தங்கள் துணைவியார் எடுத்து, "அவர் குளிச்சிக்கினு இருக்கறாரு" என்றார். காலை பதினொரு மணிக்கும் குளியல், மாலை நாலரைக்கும் குளியல். சுத்தபத்தமான குடும்பம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்தச் சம்பந்தத்தை எடுத்துப் பேசிய புத்தூர் தாட்சாயணி அக்கா நேற்று வந்தார். ஒரு செம்பு மோரைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தை உடைத்தார். "பொண்ணு புடிச்சிருக்குதாம். ஜாதகம் பொருந்திக்கினு போவுதாம். அப்பங்காரரு மூஞ்சிதான் அந்தம்மாவுக்கு ஒரு மாரியா இருக்குதாம். ஏழு எடத்துல கீறல்னு எண்ணிக்கினு போயிருக்குது. பொண்டாட்டி பிறாண்டி வச்சிருக்கா, அம்மா புத்திதானே பொண்ணுக்கும் வரும், நாளைக்கு எம்புள்ள மூஞ்சி இன்னா ஆவறதுன்னு கேக்குது" என்றார். இதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். சிரித்தபோது அவள் கையில் இருந்த டம்ளர் தானாகவே நழுவி, கொல்லைக் கதவு வரைக்கும் போய் நின்றது. மற்றபடி அவள் கோபம் என்பதையே அறியாதவள். இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, ஜவுளிக் கடைக்காரர் கொடுத்த பட்டுப்புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வாங்கிப் பார்க்கிறாள். அவள் சொல்லி நான் எதையும் எழுதவில்லை என்பதையும் எழுதச் சொன்னாள்.

இந்தக் கீறல் விஷயம் எனக்கு விளையாட்டில்லை சார். ரோஹிணி திருப்பதியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். இந்தப் பன்னிரண்டு நாளாகச் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள். அது உர்ரென்று அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்க்கிறாள். "யாரும்மா?" என்றால், "லோன் வேணுமான்னு கேக்கறாங்க நைனா" என்கிறாள். தங்களிடமிருந்து வர வேண்டிய அழைப்புக்காகக் குழந்தை காத்திருக்கிறது, வருவதெல்லாம் லோன் கம்பெனி. ஒரு தகப்பனின் மோவாயில் விழுந்த வெட்டுக்காக மகளின் கல்யாணம் நிற்பதா என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே அன்று என் முகத்தில் இருந்த ஒவ்வொரு காயமும் எந்த நேரத்தில், எந்தக் காரணத்தால், எந்த ஆயுதத்தால் ஏற்பட்டது என்பதைத் தங்கள் முன் வைக்கிறேன். போனில் சொன்னால் இத்தனையும் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம். மரியாதை கருதித் தங்கள் கடை முகவரிக்கே அனுப்புகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் கவர்மெண்டு ஆஸ்பத்திரிகளில் கம்பவுண்டராக இருந்தவன் நான். சத்தியவேடு பக்கம் கரும்பு வெட்டி விரலை வெட்டிக்கொண்டு வந்தவர்கள், நகரியில் தறிக்கட்டையில் அடிபட்டு வந்தவர்கள், எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். காயத்தைப் பார்த்தாலே அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுவேன். பிளேடு பட்டால் கோடு. மெல்லிய, நேரான கோடு, ஓரம் சுத்தமாக இருக்கும். நகம் பட்டால் பிறை. மேலே ஆழமாக ஆரம்பித்து வால் இழுத்துக்கொண்டு போகும். "குளிர் காய்ச்சல்ல கீழ விழுந்துட்டேன் சார்" என்று வந்து நின்ற ஆண்பிள்ளைகளை ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டிங்க்சர் தடவி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் தன் முகத்தில் இருப்பது கோடா பிறையா என்பதில் தப்பு பண்ணுவேனா?

தாங்களும் அன்று இடது காதோரம் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தீர்கள். "காலைல ஷேவ் பண்றப்போ வெட்டிக்கினேன் சார், பர்வாலேது" என்றீர்கள். டிபன் முடிந்து கொல்லைக் குழாயில் கை, முகம் கழுவியபோது அது நனைந்து விழுந்ததும், நானே வேறு பிளாஸ்திரி கொண்டுவந்து ஒட்டிவிட்டதும் தங்களுக்கு நினைவிருக்கும். அப்போதே தங்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. ஒரே நாள் காலையில் இரண்டு வீட்டுத் தலைவர்களும் சவரத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறோம். இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் இருக்கும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. அந்தப் புதன்கிழமை வரை நானே என் முகத்தில் பிளேடு வைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெபகுமார் சலூன் இருக்கிறது. ஜெபகுமாரின் கை பட்டால் பூ பட்ட மாதிரி. தாங்கள் வியாழக்கிழமை வருவதாகத்தான் முதலில் பேச்சு. புதன் காலை ஜெபகுமாரிடம் போய்விடலாம் என்று ஐந்து நாள் தாடியை அப்படியே விட்டிருந்தேன். ஏன் ஐந்து நாள் என்று தாங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை லட்சுமிக்கு ஆகாது. சனிக்கிழமை பெருமாளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சலூனில் ஊரே உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை என் ஜென்ம நட்சத்திரம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நமக்கும் ஆகாது, ஜெபகுமாருக்கும் லீவு. எங்கள் வீட்டில் ஒரு மனிதன் சவரம் செய்துகொள்ளக்கூடிய நாட்களை எண்ணினால் ஒரு கை விரலே அதிகம். இந்த நிலையில் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குத் தாட்சாயணி அக்கா போன் செய்து, "வியாழக்கிழமைக்கு அவங்களுக்குத் திருமலையில தரிசன டிக்கெட் கெடச்சிட்டுதாம். ராத்திரியே புத்தூர் வந்து அவரு தங்கச்சி வூட்ல தங்கிக்கினு, நாளைக்கே காலைல உங்க வூட்டுக்கு வந்துட்டு, அப்டியே அலிபிரி போயி நடந்து ஏறுறாங்களாம். ஏழரைக்கு எமகண்டம், அதுக்குள்ள வாசல மிதிச்சிடணுமாம்" என்றார். ஜெபகுமார் கடை திறப்பது எட்டு மணிக்கு. சம்பந்தி வருகிற நேரத்தில் தாடியோடு நின்றால் துக்க வீடு மாதிரித் தெரியும் என்று ஸ்வர்ணலதா சொன்னாள். அப்படியானால் இப்போதே செய்துகொள்கிறேன் என்றேன். "செவ்வாக்கெழம வெளக்கு வச்ச வூட்ல கத்தியா?" என்று கேட்டாள். மிக அமைதியாகத்தான் கேட்டாள்.

ஆகவே புதன்கிழமை காலை ஐந்தரை மணி. நான் ரிட்டையர் ஆனபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் சந்தன மாலையோடு ஒரு ஷேவிங் செட் கொடுத்தார்கள். பிரிக்காமல் பீரோவில் இருந்தது. பிரித்தால் ரேசர் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, ஆப்டர் ஷேவ் லோஷன் இருக்கிறது, பிளேடு மட்டும் இல்லை. தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. ஸ்வர்ணலதாவின் நூல் டப்பாவில் ஒரு முழு பிளேடு கிடந்தது. ஒரு வாரமாக அவள் பட்டு நூலும் ஜரிகையும் அறுத்துக்கொண்டிருந்த பிளேடு. முனை மழுங்கிய பிளேடுதான் அதிகமாக வெட்டும், கூரானது வெட்டாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மழுங்கினது மயிரைப் பிடித்து இழுக்கும், இழுத்தால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் தோல் போகும். முகத்தை வெந்நீரில் நனைத்து இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கரண்ட் இல்லை, ஹீட்டர் ஓடாது. அடுப்பு இரண்டிலும் தங்களுக்கான கேசரியும் சாம்பாரும் ஏறியிருந்தன. "ஒரு செம்பு வெந்நி" என்று கேட்டேன். "மூஞ்சிக்கு இன்னா வெந்நி, அது இன்னா பச்சக் கொழந்தையா?" என்று என் மனைவி அன்போடு சொன்னாள். பச்சைத் தண்ணீரைத் தெளித்து, குளிக்கிற சோப்பைத் தேய்த்து, மோவாய்க்கு அடியில் முதல் இழுப்பு இழுத்தேன். அது முதல் காயம். கோடு.

துணியை வைத்து நாலு நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உறைந்தது பிட்டுக்கொள்ளும். இதையும் ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். சரி, ஆனது ஆகட்டும் என்று மேலுதட்டுக்கு வந்தேன். அங்கே பிளேடு இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். சரியாக அப்போது சமையலறையிலிருந்து, "ஏங்க, முந்திரி எங்க வச்சீங்க?" என்று குரல். நான் பதில் சொல்லவில்லை. "ஏங்க!" நான் சொல்லவில்லை. "காதுல இன்னா அடச்சிக்கினு கீது?" என்றதும் "மேல் தட்டுல" என்றேன். "மே" என்பதிலேயே இரண்டாவது காயம். அதைத் துடைத்துக்கொண்டு கழுத்துக்கு வந்தேன். தாட்சாயணி அக்காவிடமிருந்து போன். ஸ்வர்ணலதா ஸ்பீக்கரில் போட்டாள். "கெளம்பிட்டாங்க! கார் புத்தூர் தாண்டிட்டுது!" என்று அக்கா கத்தினார். நான் எச்சில் விழுங்கினேன். குரல்வளை மேலே ஏறி இறங்கிற்று, பிளேடு இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது.

ஜெபகுமார் எப்போதும் மயிர் வளர்கிற திசையிலேயே இழுப்பான். எனக்கோ அவசரம், ஒரே இழுப்பில் வழவழப்பாகிவிட வேண்டும் என்று இடது கன்னத்தில் கீழிருந்து மேலே எதிர்த்து இழுத்தேன். கண்ணாடியில் பார்த்துச் செய்வதால் கை போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகிறது. இரண்டு காயம், பக்கத்தில் பக்கத்தில், அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. தங்கள் துணைவியாருக்குச் சந்தேகம் வந்ததே இந்த ஜோடிக் கோட்டால்தான் என்று தாட்சாயணி அக்கா சொன்னார். நகம் என்றால் நாலு கோடு விழும் சார், இரண்டோடு யார் நிறுத்துவார்கள்? ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. வந்ததும் பக்கத்து வீட்டில் பன்னிரண்டு பவர்லூம் தறியும் ஒரே நேரத்தில் எழுந்தன. கண்ணாடி மாட்டியிருந்த சுவர் அவர்களுக்கும் எங்களுக்கும் பொது. இருபது வருடமாக அந்தச் சுவர் அதிர்வது எனக்குத் தெரியும், ஆனால் அதில் முகம் பார்த்துக்கொண்டு கிருதா எடுத்ததில்லை. கண்ணாடியில் இருந்த ரங்கையா ஒரு பக்கம் ஆடினார், நான் ஒரு பக்கம் ஆடினேன், காதோரத்தில் இரண்டு பேரும் சந்தித்தோம். அது அடுத்த காயம். இத்தோடு எல்லாக் காயங்களுக்கும் காரணம் சொல்லியாயிற்று.

சிகிச்சை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன. அவை இருந்த பெட்டியின் சாவி இருந்த இடம், தாங்கள் டிபன் சாப்பிட உட்காரும் வரை யாருக்கும் தெரியவில்லை. ஜெபகுமார் சில நேரம் காகிதத் துண்டு ஒட்டுவான். நானும் கைக்கு எட்டிய தினக்காலண்டரிலிருந்து முதல் நாள் தாளைக் கிழித்து, பிய்த்துப் பிய்த்து ஒட்டினேன். அவசரத்தில் எந்தத் துண்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. கன்னத்தில் 'சந்திராஷ்டமம்' என்றும் மோவாயில் 'எமகண்டம்' என்றும் இருந்ததைத் தங்கள் துணைவியார்தான் முதலில் வாசித்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் திடுக்கிட்டு எழுந்து வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்ததை, காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் துண்டுகள் செவ்வாய்க்கிழமையைச் சேர்ந்தவை. தாங்கள் வந்த புதன்கிழமைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பதை அவருக்குத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

காகிதம் நனைந்து வழியத் தொடங்கியது. காபித்தூள் வைத்தால் நிற்கும் என்றாள் ஸ்வர்ணலதா. மஞ்சள்தூள் வைங்க என்றார் ஸ்பீக்கரில் இருந்த தாட்சாயணி அக்கா. சமையலறையில் இருக்கிற எதையும் திறந்த காயத்தில் வைக்கக் கூடாது என்று சர்வீஸ் முழுக்கச் சண்டை போட்டவன் நான். இரண்டையும் வைத்தேன். பிறகு அதைக் கழுவ வேண்டியதாயிற்று. கழுவியதும் மறுபடி ஆறு இடத்திலும் ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த ஆப்டர் ஷேவ் லோஷனை உள்ளங்கை நிறைய ஊற்றி முகம் முழுக்க அப்பினேன். தாங்கள் உள்ளே வந்ததும் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சியது அந்த வாசனைக்காகத்தான். காலை ஏழு மணிக்குக் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, மாலை ஏழு மணிக்கும் இல்லை. கார் நின்றபோது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கேட்ட அலறல் அந்த எரிச்சலால் வந்தது. அதைத் தொடர்ந்து கேட்ட தடால் என்ற சத்தம் குக்கர்.

கடைசியாக ரத்தத்தை நிறுத்தியது படிகாரம். சலூனில் கடைசியில் தேய்ப்பார்களே, அதே கல். தனியாக வீட்டில் கிடையாது. திருஷ்டிக்காக வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். போன அமாவாசைக்குப் பூஜை செய்து கட்டியது. என் நிலைமையைப் பார்த்த ஸ்வர்ணலதா, "பரவால்லைங்க, அவுத்து எடுத்துக்கங்க, திருஷ்டி இன்னா பெருசு, உங்க மூஞ்சிதான் பெருசு" என்று தானே முன்வந்து, தன் கையாலேயே அவிழ்த்துக் கொடுத்தாள். அதைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு தேய்த்தேன். சுரீர் என்றது, நின்றது. மறுபடி திறந்துகொள்ளாமல் இருக்க, மீதியிருந்த காலண்டர் தாளில் இரண்டு துண்டு பிய்த்துக் கன்னத்திலும் மோவாயிலும் திரும்ப ஒட்டிக்கொண்டேன். ஐந்தரைக்கே அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. வாசலில் வெறும் கறுப்புக் கயிறு தொங்கியதையும் தங்கள் துணைவியார் பார்த்து, "இன்னா இது, கயிறு மட்டும் கீது" என்று கேட்டாராம். கல் என் சட்டைப் பையில் இருந்தது.

அடுத்தது நான் நடந்துகொண்ட விதம். மேலுதட்டில் வெட்டு இருந்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் பிட்டுக்கொள்ளும். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபக்காரன் மாதிரித் தெரிந்திருக்கும். பேசவும் முடியாததால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். "பொண்ணுக்கு நல்லா சமைக்க வருமா?" ஆட்டினேன். "வேலைக்குப் போய்க்கினே வூட்டையும் பார்த்துக்குமா?" ஆட்டினேன். அதே வேகத்தில் தங்கள் துணைவியார், "பொண்ணுக்குக் கோபம் கீபம் வருமா?" என்று கேட்டதை நான் கவனிக்கவில்லை. அதற்கும் ஆட்டிவிட்டேன், அதுவும் பலமாக. ரோஹிணிக்குக் கோபம் வராது சார். சின்ன வயதில் எல்லாம் அழுதே காரியத்தை முடித்துவிடுவாள்.

இப்போது நான் திருந்திவிட்டேன். சொந்தமாகப் புது பிளேடு பாக்கெட் வாங்கிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். வெந்நீர், நல்ல நுரை, வளர்கிற திசை, அழுத்தாத கை, மூடிய வாய். கண்ணாடியை வேறு சுவருக்கு மாற்றியாயிற்று. தனிப் படிகாரம் வாங்கியாயிற்று. முகத்தில் மெல்லிய கோடுகள் தவிர ஒன்றும் இல்லை. அவையும் கோடுகள்தான், தாங்கள் வந்து பார்க்கலாம். நாற்பது வருடமாக நிழல் மாதிரி கூட இருப்பவளுக்கு, ஒரு ஈயைக்கூட அடிக்காதவளுக்கு, ஒரு மழுங்கின பிளேடு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெயர் என் மகள் மேல் படியக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பிறாண்டுவதில்லை. இதைத் தங்கள் துணைவியாருக்கு எடுத்துச் சொல்லி, நல்ல பதிலைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்பு. ஹேமநாத்துக்கு என் ஆசி. அலமேலுமங்கைத் தாயார் தங்கள் கடையிலும் வீட்டிலும் குறைவில்லாமல் விளக்கெரிய வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வழவழப்பான முகத்தோடு காத்திருக்கும்,
ரங்கையா.

பி.கு: மேலே உள்ளது வீட்டில் எழுதியது. இது தபாலாபீஸில், கோந்து டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுவது. இன்று ரோஹிணிக்கு மதிய ஷிப்ட். போகிற வழியில் என்னை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வாங்கி, வெயிலில் நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "நைனா, அவங்க ஏழுன்னு எண்ணிக்கினு போயிருக்காங்க. நீ ஆறுக்குத்தான் பதில் எழுதிக்கிற. ஏழாவது எங்க?" என்றாள். ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவளிடம் இது செல்லாது என்று எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும். "இருக்கறத எழுது நைனா. பொய் சொல்லி என்னைக் கட்டிக் குடுக்காத" என்றாள்.

ஏழாவது காயம் வலது கன்ன எலும்பின் மேல், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. அங்கே எனக்குத் தாடி கிடையாது. வடிவம் பிறை. படிகாரத்தை ஸ்வர்ணலதா அவிழ்த்துத் தரவில்லை. நான் ஸ்டூல் போட்டு ஏறி, அதே பிளேடால் கயிற்றை அறுத்து எடுத்து, அங்கேயே நின்று முகத்தில் தேய்த்தேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். "கண்ணு வைக்கற கூட்டம் தெருமுனைல வந்துக்கினு கீது, வாசல்ல கட்டினத அறுத்து மூஞ்சில தேச்சிக்கினு நிக்கறியே, நீயெல்லாம் மனுசனா!" என்றாள். (கூட்டம் என்று அவள் பொதுவாகச் சொன்னது.) கல்லைப் பிடுங்க எட்டினாள், நான் விடவில்லை, கல்லுக்கு வந்த கை கன்னத்துக்கு வந்துவிட்டது. அந்த அலறல் லோஷனால் அல்ல. தடால் என்றது ஸ்டூல். குக்கர் ஒரு பாவமும் அறியாது.

இனித் தங்கள் விஷயம். காதோரம் பிளாஸ்திரி என்று மேலே எழுதினேன். சரியாகச் சொன்னால் காதுக்குப் பின்னால். புதிய பிளாஸ்திரி ஒட்டியது நான்தானே, பார்த்தேன். மேலே ஆழம், கீழே வால். காதுக்குப் பின்னால் தாடி வளர்ந்த மனிதரை என் முப்பத்திரண்டு வருட சர்வீஸில் நான் சந்தித்ததில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒட்டி அனுப்பினேன். இதை ரோஹிணியிடம் மெல்லச் சொன்னேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும் நைனா. காலைல புத்தூர்ல அவங்க அப்பா, தங்கச்சி போட்ட காபிதான் காபின்னு அவங்க அம்மா எதிர்லயே சொல்லிட்டாராம். ஹேமநாத் சொன்னாரு" என்றாள். "ஹேமநாத்தா? எப்ப சொன்னாரு?" என்றேன். "தெனம்தான் பேசறோமே" என்றாள். "அப்ப அந்த லோன் கம்பெனி?" என்று கேட்டேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். உள்ளே சிரிப்பது தெரிந்தது. பன்னிரண்டு நாளாக நான் சோறு இறங்காமல் இருந்தேன் சம்பந்தி.

ஆக, பிள்ளைகள் தங்கள் பக்கத்தை முடித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது நம் இருவர் முகம்தான். கடை முகவரிக்கு ஏன் அனுப்பினேன் என்பது இப்போது தங்களுக்குப் புரிந்திருக்கும். கடையிலிருந்தே என் செல்லுக்குப் போன் செய்யுங்கள். நாள் குறித்ததும் நாம் இருவரும் அலிபிரியில் சந்தித்து, படியேறி, திருமலையில் மொட்டை போட்டுக்கொள்வோம். அங்கே ஆளுக்கொரு புது பிளேடு, கை தேர்ந்தவர்கள், ஒரு கீறல் விழாது. திரும்பி வரும்போது முகத்தில் எது இருந்தாலும் காணிக்கையில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு அம்மாக்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டு எதையும் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.